ஸ்பீக்கர் நின்றுபோனால் ஸ்பீக்கரைத்தான் மாற்ற வேண்டுமா?

வண்டி வாகனம் – வாசகர் கேள்விகள்

'தோட்டத்தில் விளையும் வெண்டை, கத்திரி, கீரையைப் பிக்அப் வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிறோம். கேபினுக்குள் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களும் போன வாரம் ஒரே நாளில் நின்றுவிட்டன. செட்டில் விளக்கு எரிகிறது, பாட்டு ஓடுவதும் தெரிகிறது. சத்தம் மட்டும் இல்லை. வண்டிக்கு மேலே கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரும் விட்டுவிட்டுத்தான் பேசுகிறது. கடையில் காட்டினால் செட், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?'

– வாசகர், ரிஷிவந்தியம்.

அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே நாளில் நின்றன என்று வாசகர் எழுதியிருக்கிறாரே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஸ்பீக்கர் பழுதாவது பெரும்பாலும் ஒவ்வொன்றாகத்தான். ஒன்று கரகரக்கும், சில வாரத்தில் அடங்கிப்போகும். மற்றது பாடிக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே நாளில் வாயை மூடினால், இரண்டுக்கும் பொதுவான ஓர் இடத்தில்தான் கோளாறைத் தேட வேண்டும். மேலே கட்டிய குழாய் ஸ்பீக்கரின் நோய் வேறு. அதைத் தனியாகப் பார்க்கலாம்.

கேபினில் பாட்டு கேட்காவிட்டால் நஷ்டமில்லை. கூவுகிற குழாய் நின்றால் வியாபாரமே படுத்துவிடும். கொரோனா ஊரடங்கில், குறிப்பாக 2021 மே மாத முழு ஊரடங்கில், தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் வண்டிகளில் காய்கறியைத் தெருத் தெருவாக அனுப்பின. வாசலுக்கே காய் வரும் பழக்கம் அதன்பின் பல ஊர்களில் நிலைத்துவிட்டது. குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்அப் என்று எந்த வண்டியாக இருந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்பதை அந்தக் குழாய்தான் சொல்கிறது. சத்தமில்லாத வண்டி தெருவைக் கடந்துபோனது வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரியாது. விடியற்காலையில் அறுத்த கீரை மதியம் தாண்டினால் மாட்டுக்குத்தான்.

முதலில் கேபின். செலவில்லாத சோதனைகளை முடித்துவிடுங்கள். செட்டில் பேலன்ஸ், ஃபேடர் என்று இரண்டு அமைப்புகள் இருக்கும். சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா, முன்னாலா பின்னாலா என்று பிரிப்பவை இவை. பின்பக்க ஸ்பீக்கரே இல்லாத பிக்அப்பில் யாராவது ஃபேடரை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டிருந்தால், செட் ஓடும், சத்தம் வராது. வண்டியில் ஏறிய பிள்ளைகள் பொத்தானைத் திருகியதற்காகப் புது செட் வாங்கியவர்களும் உண்டு. மியூட் பொத்தானையும் பாருங்கள். பென்டிரைவில் சத்தம் இல்லையென்றால் எஃப்.எம். போட்டுப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

விளக்கு எரிகிறது என்பதால் செட்டுக்கு மின்சாரம் வருகிறது. ஆகவே செட்டின் ஃப்யூஸ் போகவில்லை. இந்த இடத்தில் ஃப்யூஸைக் கழற்றி மாட்டுவது வீண் வேலை. விளக்கே எரியாமல் இருந்தால்தான் ஃப்யூஸைத் தேட வேண்டும். அப்போது செட்டின் பின்னால் வரும் மூன்று ஒயர்களைப் பாருங்கள். வெளியில் வாங்கிப் பொருத்தும் பெரும்பாலான செட்களில் மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது, சிவப்பு, சாவி போட்டால் வருவது, கறுப்பு, எர்த். இடப்பக்க முன் ஸ்பீக்கருக்கு வெள்ளை, வலப்பக்க முன் ஸ்பீக்கருக்குச் சாம்பல், பின்பக்கத்துக்குப் பச்சையும் ஊதாவும். ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு ஒயர். கறுப்புக் கோடு போட்டது மைனஸ். கம்பெனியிலேயே பொருத்தி வரும் செட்களில் நிறங்கள் மாறும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் செட்டின் மேல் ஒட்டியிருக்கும் படத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மைனஸ் ஒயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விளக்கு, ஹாரன் போன்றவற்றுக்கு மைனஸ் என்றால் வண்டியின் பாடி. ஒரு ஒயரை மட்டும் இழுத்து, மறுமுனையைப் பாடியில் திருகிவிட்டால் எரியும், ஊதும். இன்றைய செட்களில் ஸ்பீக்கரின் மைனஸ் அப்படிப்பட்டதல்ல. ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயர்களிலும் பேட்டரியின் பாதி அளவு, அதாவது சுமார் 6 வோல்ட், நின்றுகொண்டிருக்கும். இரண்டும் எதிரெதிராக ஆடுவதால்தான் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அவ்வளவு சத்தம் எடுக்க முடிகிறது. இதில் எந்த ஒயர் பாடியைத் தொட்டாலும் செட்டுக்குள் இருக்கும் ஐ.சி. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அடங்கிவிடும். தொட்டது இடக்கதவின் ஒயராக இருந்தாலும், வலக்கதவு ஸ்பீக்கரும் சேர்ந்தே நிற்கும். விளக்கு எரியும், பாட்டு ஓடும், சத்தம் இருக்காது. ரிஷிவந்தியம் வாசகர் எழுதியிருக்கும் அறிகுறி அப்படியே இதுதான்.

தொடும் இடம் எது? பத்தில் பெரும்பங்கு கதவுக் கீலுக்குப் பக்கத்தில். கேபினிலிருந்து கதவுக்குள் ஒயர் போகும் இடத்தில் ஒரு ரப்பர் குழல் இருக்கும். ஒவ்வொரு தெருவிலும் இறங்கி ஏறி, ஒரு நாளைக்கு நூறு தடவை கதவைத் திறந்து மூடும் வியாபார வண்டியில் அந்த ரப்பருக்குள் ஒயர் மடங்கி மடங்கி, மேலுறை உரிந்துவிடும். ரப்பர் குழலே இல்லாமல், தகரத்தில் ஓட்டை போட்டு ஒயரை நுழைத்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. செட்டை அணையுங்கள். செட்டின் பின்னால் ஸ்பீக்கர் ஒயர்கள் எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். பிரித்த முனைகள் ஒன்றையொன்றோ பாடியையோ தொடாமல் டேப் சுற்றுங்கள். வேறு ஒரு நல்ல ஸ்பீக்கரை, இல்லாவிட்டால் கதவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரையே, இரண்டு முழம் புது ஒயரில் இணைத்துச் செட்டின் ஒரு ஜோடி முனையில் கொடுங்கள். இப்போது செட்டைப் போட்டால் சத்தம் வருகிறதா? வந்தால் செட் நன்றாக இருக்கிறது; ஸ்பீக்கரும் நன்றாக இருக்கிறது; இடையில் ஓடும் பழைய ஒயர்தான் குற்றவாளி. கதவுக்குள் போகும் அந்த ஒன்றரை மீட்டர் ஒயரை மட்டும் புதிதாக இழுத்தால் போதும். எல்லா ஜோடியிலும் மாற்றி மாற்றிக் கொடுத்தும் சத்தமே வரவில்லை என்றால் செட்டுக்குள் இருக்கும் ஐ.சி. போயிருக்கலாம். அப்போது செட்டை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

ஸ்பீக்கரைத் தனியாகச் சோதிக்க டார்ச்சில் போடும் 1.5 வோல்ட் பேட்டரிக்கட்டை ஒன்று போதும். ஒயரைப் பிரித்த ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் அதைக் கண்ணிமைக்கும் நேரம் தொட்டு எடுங்கள். 'டொக்' என்று சத்தம் கேட்டுக் காகிதம் அசைந்தால் உள்ளே காயில் உயிரோடு இருக்கிறது. பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் காகிதம் வெளிப்பக்கமாகத் தள்ளும். இதை வைத்து இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒரே திசையில் இணைத்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். மாறி இணைத்தால் கனமான சத்தம் செத்துவிடும். மல்டிமீட்டர் இருந்தால் 200 ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் 3-லிருந்து 4-க்குள் காட்டும். எண்ணே மாறாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. பிறகு விரல்களை விரித்து வைத்துக் காகிதத்தை நேராக, மெதுவாக அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் காயில் கோணிவிட்டது. இன்று பாடினாலும் நாளை நின்றுவிடும். காந்தத்தின் இடுக்கில் ஒரு காயில், அதோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு: ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925-ல் வகுத்த இந்த அமைப்பு இன்றைக்கும் அடிப்படையில் மாறவில்லை. உள்ளே சிக்கலான பொருள் எதுவும் இல்லாததால்தான் ஒரு பேட்டரிக்கட்டையை வைத்தே அதன் உயிரைப் பார்க்க முடிகிறது.

இனி குழாய் ஸ்பீக்கர். விட்டுவிட்டுப் பேசுகிறது என்றால், காயில் போயிருக்க வாய்ப்பு குறைவு. அறுந்த காயில் அரைமணி கழித்து ஒட்டிக்கொள்ளாது. எப்போது நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். மேடு பள்ளத்தில் நின்றால் தளர்ந்த முனை. கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலை வரை, ஏறி இறங்கும் வண்டிகளில் குலுங்கிக் குலுங்கியே திருகுகள் கழன்றுவிடும். சத்தத்தைக் கூட்டும்போது நின்று, குறைத்தால் திரும்பவும் பேசினால், அது வேறு. ஆம்ப்ளிஃபயருக்குப் போதிய மின்சாரம் போய்ச் சேரவில்லை.

அதற்கு ஒரு சிறு கணக்கு. 50 வாட் ஆம்ப்ளிஃபயர் முழுச் சத்தத்தில் 7, 8 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு 4 மீட்டர் ஒயர் என்றால், போக வர 8 மீட்டர். வீட்டு விளக்குக்கு இழுக்கும் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைப் போட்டிருந்தால், 8 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். அதில் பாதி கனமுள்ள ஒயர் என்றால் 2 வோல்ட்டுக்கு மேல். பேட்டரி 12.2 வோல்ட்டில் இருக்கும் மாலை நேரத்தில் ஆம்ப்ளிஃபயருக்கு 10 வோல்ட்தான் கிடைக்கும். அது திணறி நின்றுவிடும். குறைத்தால் திரும்ப வரும். இதே இடத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். இதைத்தான் பலர் 'ஆம்ப்ளிஃபயர் சூடாகி நிற்கிறது' என்று சொல்லிப் புது ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறார்கள். புதியதும் அதே ஒயரில் அப்படியே நிற்கும்.

சோதிப்பது சுலபம். ஒருவர் மைக்கில் உரக்கப் பேசட்டும். இன்னொருவர் ஆம்ப்ளிஃபயரின் பிளஸ், மைனஸ் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கட்டும். உடனே பேட்டரியின் முனைகளிலும் பார்க்கட்டும். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒயரிலோ எர்த்திலோ குறை. அடுத்து, மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் மைனஸிலும் மற்றொன்றை ஆம்ப்ளிஃபயரின் மைனஸிலும் வையுங்கள். மைக்கில் பேசும்போது 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைத்தான் கவனிக்க வேண்டும்.

விவசாயிகளின் வண்டியில் எர்த் கெடுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. காலையில் காய் ஏற்றும் வண்டியே மறுநாள் உர மூட்டை ஏற்றுகிறது. பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்குச் சொந்தக்காரன். கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டிய தூள் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பையும் செம்பையும் அரிக்கும். சீட்டுக்குப் பின்னால், சேசிஸில், எர்த் திருகியிருக்கும் இடத்தில் பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருந்தால் அது செம்பு அரித்த உப்பு. திருகைக் கழற்றி, பெயின்ட் போகும்வரை உப்புக்காகிதத்தால் தேய்த்து, புது முனை போட்டு இறுக்கி, மேலே வாசலினோ கிரீஸோ தடவிவிடுங்கள். உரம் ஏற்றிய அன்று மாலையே வண்டியின் தளத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

எலி இன்னொரு காரணம். மக்காச்சோளக் கொட்டகைக்குப் பக்கத்திலோ வைக்கோல் போருக்குப் பக்கத்திலோ வண்டியை நிறுத்தினால், எலி இரவில் வண்டிக்குள் குடிபுகும். டேஷ்போர்டுக்குக் கீழே வைக்கோல் துணுக்கும் புழுக்கையும் இருந்தால், ஒயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். கடித்த இடம் தட்டுப்படும். அறுவடைக்குப் பிறகு வயலில் தீனி குறையும்போது இது கூடும். அந்த மாதங்களிலாவது வண்டியைத் தானியத்திலிருந்து தள்ளி நிறுத்துவது நல்லது.

கதவு ஸ்பீக்கருக்குத் தண்ணீர்தான் எமன். கதவின் அடியில் இரண்டு மூன்று சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வடியத்தான் அவை. நெல் தூசும் சேறும் அவற்றை அடைத்துவிட்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, ஸ்பீக்கரின் அடிப்பாகம் ஊறும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஈர்க்குச்சியை விட்டுக் குத்திவிடுங்கள். ஸ்பீக்கர் மாட்டும்போது கதவின் உட்புற பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போட்டிருந்தால், புதிதாக ஒரு தாளை ஒட்டுங்கள். குழாய் ஸ்பீக்கரை வானத்தைப் பார்க்க வைக்கக் கூடாது. வாய் சற்றுக் கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் உள்ளே நிற்காது.

எலி கடித்தாலும் தண்ணீர் போனாலும் போவது ஸ்பீக்கர்தான். ஃப்யூஸில் விளையாடினால் வண்டியே போகும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று அதன் இடத்தில் செம்புக் கம்பி இழையைச் சுற்றுவதும், 10 ஆம்பியர் சிவப்பு ஃப்யூஸை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் பச்சை ஃப்யூஸைச் செருகுவதும் கிராமத்துப் பழக்கமாகவே ஆகிவிட்டது. 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எந்த நிறம் இருந்ததோ அதே நிறம்தான் போக வேண்டும். ஃப்யூஸ் போகிறதென்றால் எங்கோ ஒயர் பாடியைத் தொடுகிறது என்று அது சொல்கிறது. அதன் வாயை அடைத்தால் ஒயர் பழுக்கும். பின்னால் வைக்கோலோ கரும்புச் சோகையோ இருந்தால், ஓட்டுநர் கண்ணாடியில் புகையைப் பார்ப்பதற்குள் வண்டி போய்விடும். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு நேராக ஒயர் இழுப்பவர்கள், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று கட்டாயம் வையுங்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைத்தால் இடையில் ஓடும் ஒயருக்குப் பாதுகாப்பு கிடையாது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் எஞ்சினையே கணினி நடத்துகிறது. கைக்குக் கிடைத்த ஒயரைச் சீவி இணைப்புக் கொடுப்பது அவற்றில் ஆபத்து. பேட்டரியிலிருந்தே தனியாக எடுங்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சில கம்பெனி செட்கள் பேட்டரியைக் கழற்றினால் ரகசிய எண் கேட்கும். வண்டிப் புத்தகத்தில் அந்த எண் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கக் கூண்டுக்கு வெல்டிங் வைக்கும் நாளிலும் மைனஸைக் கழற்றிவிடுவது அவசியம். வெல்டிங் வைத்த மறுநாள் செட் ஊமையானது என்று வரும் புகார்கள் பல, இதைச் செய்யாததால் வருபவை.

குழாய் ஸ்பீக்கரின் யூனிட் உண்மையிலேயே போயிருந்தாலும் முழு யூனிட்டை வாங்க வேண்டியதில்லை. பின்மூடியின் திருகுகளைக் கழற்றினால் உள்ளே மெல்லிய வட்டத் தகடு ஒன்று காயிலோடு சேர்ந்து வரும். டயாஃப்ரம் என்று கேட்டால் மைக் செட் பொருள் விற்கும் கடைகளில் அது மட்டும் தனியாகக் கிடைக்கும். மாதிரிக்குப் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். அந்த டயாஃப்ரம் ஏன் கிழிகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. குழாய் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. கனமான தாளச் சத்தத்தை அதனால் வெளியே தள்ள முடியாது. அந்த அடி முழுக்க டயாஃப்ரத்தின் மேலேயே விழும். 'வெண்டைக்கா, கத்திரிக்கா' என்று வருடக்கணக்கில் கூவிய யூனிட், ஒரு நாள் திருவிழாவுக்குக் குத்துப்பாட்டு போட்டதில் கிழிந்துவிடும். பாட்டு போடத்தான் வேண்டும் என்றால் பேஸ் திருகை முழுக்கக் குறைத்துவிடுங்கள்.

சத்தத்தை முழுக்க ஏற்றிவைப்பதும் காயிலை எரிக்கும். முக்கால் அளவுக்கு மேல் ஏற்றினால் சத்தம் கூடாது, கரகரப்புதான் கூடும். அந்தக் கரகரப்பு சூடாக மாறிக் காயிலைத் தின்னும். தெருமுனைக்குக் கேட்டால் போதும். அதற்குச் சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் பயன்படுத்தக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் பயன்படுத்தவே கூடாது. அனுமதி யாரிடம் பெறுவது என்று உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம். விடியும் முன்னே தெருவுக்குள் கூவிக்கொண்டு போகும் வண்டிமீது புகார் வருவதில் ஆச்சரியமில்லை.

எல்லாம் மாற்ற வேண்டும் என்று சொன்ன கடைக்காரரையும் முழுக்கக் குறைசொல்ல முடியாது. அறுந்த ஒயரைத் தேட அவருக்கு அரைநாள் ஆகும். அதற்குக் கூலி கேட்டால் 'ஒரு ஒயரை ஒட்டியதற்கா இவ்வளவு?' என்று கேட்பவர்கள்தான் அதிகம். பொருளை மாற்றினால் அவருக்கும் லாபம், வேலையும் சீக்கிரம் முடியும். ஆகவே கடைக்குப் போகும் முன் மேலே சொன்ன சோதனைகளை வீட்டிலேயே செய்துவிட்டு, 'ஸ்பீக்கர் இரண்டிலும் காயில் இருக்கிறது, செட்டில் நேராகக் கொடுத்தால் பாடுகிறது, இடக்கதவு ஒயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள்' என்று குறிப்பாகச் சொல்லுங்கள். தேடிய நேரத்துக்கான கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். எதையாவது மாற்றினால் கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கி, வீட்டில் பேட்டரிக்கட்டையை வைத்துப் பாருங்கள்.

'காய் விற்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் மைக் போடுகிறோம். மதியத்துக்கு மேல் வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது. மைக் செட் பேட்டரியைக் குடித்துவிடுமா?'

– வாசகர், தியாகதுருகம்.

நல்ல பேட்டரியைக் குடிக்காது. கூவுவதும் நிறுத்துவதுமாக இருந்தால் சராசரியாக 3, 4 ஆம்பியர்தான் போகும். நான்கு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 16 ஆம்பியர்-மணி. பிக்அப்பில் இருக்கும் பேட்டரியின் கொள்ளளவு இதைப் போலப் பல மடங்கு. அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பேட்டரி தேய்ந்திருக்கிறது, அல்லது சரியாகச் சார்ஜ் ஏறவில்லை. காலையில் எஞ்சினைப் போடும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள், 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் கவனியுங்கள். இன்னொன்று, ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சை இரவில் அணைக்க மறந்தால் பேசாவிட்டாலும் அது கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

'மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் பழைய லாரியில் 24 வோல்ட். பிக்அப்பில் இருந்த 12 வோல்ட் செட்டை அதில் மாட்ட, இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் எடுத்திருக்கிறோம். இது சரியா?'

– வாசகர், சின்னசேலம்.

பலரும் செய்வதுதான், ஆனால் சரியல்ல. இரண்டு பேட்டரிகளும் ஒரே வரிசையில் சேர்ந்து சார்ஜ் ஆகின்றன. ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் அது எப்போதும் பாதி வயிறாக இருக்கும். மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகித் தண்ணீர் வற்றும். சில மாதங்களில் இரண்டும் கெட்டுவிடும். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். செட்டுக்கு மட்டும் என்றால் 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் போதும்; மைக் ஆம்ப்ளிஃபயரும் சேர்த்து என்றால் 20 ஆம்பியர். அதுவரை இப்போது ஒயர் எடுத்திருக்கும் பேட்டரியை வாரம் ஒருமுறை வெளியில் தனியாகச் சார்ஜ் ஏற்றி, மற்றதில் தண்ணீர் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.